பந்தியில் கிடைத்த முகம்

போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை நாலேகாலுக்குப் போன் அடித்தது. கல்யாணப் போட்டோ எடுக்கிற எங்கள் தொழிலில் அந்த நேரத்துக்குப் போன் வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். முகூர்த்தத்துக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிட்டோம். இல்லையென்றால் யாரோ தவறிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு முகூர்த்தம் எதுவும் கிடையாது.

“அண்ணே, அப்பத்தா போயிருச்சுண்ணே. போஸ்டருக்கு நல்ல போட்டோவா ஒண்ணு வேணும். என் கல்யாணத்துல நீங்க எடுத்தது இருக்குமில்ல? பிரஸ்ஸுக்காரரு அஞ்சரைக்கெல்லாம் கடையத் தொறந்துர்றேன்னுருக்காரு.”

அவர் கல்யாணம் 2014 வைகாசியில், உசிலம்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஸ்டில் நான், வீடியோ என்னிடம் வேலை பார்த்த தம்பி. பீரோவைத் திறந்து ‘14 வைகாசி 2’ என்று மார்க்கரில் எழுதியிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். பத்து வருஷப் பழசு. உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

ஸ்டில் மட்டும் 1,600 சொச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், தாய்மாமன் பட்டுத் துண்டோடு முப்பது படத்தில் இருக்கிறார். மண்டப வாசலில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரே ஆறு படத்தில் இருக்கிறது. அப்பத்தா இல்லை. குடும்பக் குரூப் போட்டோவில் கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சேலை முந்தானை தெரிந்தது. முகத்தை யாருடைய தோளோ மறைத்திருந்தது.

ஏன் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. கட்டினவர் போய்ச் சேர்ந்த கிழவி. மணவறைப் பக்கம் அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. வளர்த்த பேரன் தாலி கட்டும்போது அவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. என் கேமரா மேடையைவிட்டு இறங்கவே இல்லை.

வீடியோவைத் திறந்தேன். பந்தி ஃபைல் ஒன்று பத்தொன்பது நிமிஷம் ஓடியது. எனக்கே ஆச்சரியம். “பந்தியில ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு வந்துரு” என்றுதான் தம்பியிடம் சொல்லுவேன். பிறகு விசாரித்தபோது, பசி தாங்காமல் இடம் காலியாகட்டும் என்று அங்கேயே நின்றதாகச் சொன்னான். சும்மா நிற்கிறோமே என்று கேமராவை ஓட விட்டிருக்கிறான். பதினோராவது நிமிஷத்தில், சுவர் ஓரம், இலைக்கு முன்னால் அப்பத்தா. பாயசம் ஊற்ற வந்தவரைப் பார்த்து, ‘போதும் போதும்’ என்று உள்ளங்கையை இலைக்கு மேல் விரித்துச் சிரிக்கிறார். இரண்டு காதிலும் தண்டட்டி தொங்குகிறது. மூன்று செகண்டு. அதில் ஒரே ஒரு ஃப்ரேமில்தான் முகம் அசையாமல் நிற்கிறது.

வீடியோவிலிருந்து உருவிய படம் 1920க்கு 1080தான். முகத்தை மட்டும் வெட்டினால் தபால்தலை அளவுக்கு விவரம் இருக்கும். இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே என்று, தெளிவாக்கித் தரும் சாஃப்ட்வேரில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பளபளவென்று ஒரு முகம் வந்தது. சுருக்கம் போயிருந்தது, இல்லாத பல் முளைத்திருந்தது. தோள்வரை தொங்கிய காதைச் சாஃப்ட்வேர் என்னவென்று நினைத்ததோ, கழுத்துச் சதையோடு ஒட்டி அடைத்துவிட்டிருந்தது. இருந்தாலும் இரண்டையும் அனுப்பினேன். திரும்பக் கூப்பிட்டார். “ரெண்டாவது யாருண்ணே? அந்த மங்கலா இருக்கிறதையே போட்ருங்க.”

ஏழு மணிக்கு ஊர்ச் சுவரில் அந்த மங்கல் படம் ஒட்டியிருந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் என்ன கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேறு.

1997இல் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, வீடியோ எடுக்கிற ஓர் அண்ணனிடம் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்தேன். தோளில் வைக்கிற விஎச்எஸ் கேசட் கேமரா அண்ணனிடம், ஆயிரம் வாட் ஹாலஜன் லைட்டு என்னிடம். பின்னால் இழுபடும் வயரை யார் காலிலும் மாட்டாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். அந்த லைட்டின் சூட்டில் மாப்பிள்ளையின் சந்தனம் ஐந்து நிமிஷத்தில் காய்ந்து உதிரும். பந்திக்குள் அதைக் கொண்டுபோனால் பெரியவர்கள் திட்டுவார்கள். “சோறு திங்கிறதையெல்லாமாடா படம் பிடிப்பீங்க?” கேட்டது நியாயம்தான். ஆனால் வீட்டுக்காரர் பந்தியும் வேண்டும் என்பார். யார் யார் வந்தார்கள் என்பதற்கு மொய் நோட்டு ஒரு சாட்சி என்றால் பந்தி வீடியோ இன்னொரு சாட்சி.

பந்திக்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். சோறு வாய்க்குப் போகும்போது எடுக்காதே, பரிமாறுகிறவன் வந்து நிற்கும்போது எடு. சாம்பார் வாளி வந்தால் எல்லோரும் தலையை நிமிர்த்துவார்கள், வாய் காலியாக இருக்கும், ‘கொஞ்சம் போடுங்க’ என்றோ ‘வேணாம்’ என்றோ சொல்ல முகத்தில் ஒரு பாவம் வரும். வாளி ஒவ்வொரு இலையாக நகரும், அதற்கு ஓர் இலை முன்னால் நாம் நகர வேண்டும். அப்பத்தாவின் முகம் கிடைத்ததும் அந்த வழியில்தான். தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்தது, எனக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்தது. நான் மட்டும் இடையில் மறந்துபோயிருந்தேன்.

ஸ்டில் அப்போது ஃபிலிம். ஒரு ரோலுக்கு 36 படம், இருட்டில் பார்த்துச் சுற்றினால் 38. ஒரு கல்யாணத்துக்குப் பத்து ரோல் என்று பேசிவிட்டால் பதினொன்றாவது ரோல் நம் கைக்காசு. அதனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்னால் ஒரு யோசனை இருக்கும். இப்போது இரண்டாயிரம், மூவாயிரம் எடுக்கிறோம். அது நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஃபிலிம் காலத்திலும் அசிங்கமான படம் நிறைய எடுத்திருக்கிறோம், ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை எட்டிப்பார்க்கிற மிக்ஸிங் போட்ட ஆட்கள்தானே நாங்கள்.

சரி, தாலிக்கு வருவோம். அதுதான் சோறு போடுகிற படம்.

தாலி கட்டும் நேரம் மொத்தமே பத்து, பதினைந்து செகண்டுதான். அதில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டு நாத்தனார் போடுவது. மாப்பிள்ளை பொண்ணு கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோகும்போது நேர் முன்னால் நிற்பவனுக்கு முழங்கைதான் கிடைக்கும், பொண்ணு முகம் மறைந்துபோகும். நான் பக்கவாட்டில், மாப்பிள்ளை தோளுக்கு மேலாகப் பொண்ணு முகம் தெரிகிற கோணத்தில், ஒரு ஸ்டூல் போட்டு நிற்பேன். ஸ்டூலை முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். கடைசி நேரத்தில் போட்டால் யாராவது ஒரு மாமா அதில் ஏறி நிற்பார்.

சைகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். தாலியைத் தாம்பாளத்தில் தேங்காய் மேல் வைத்துச் சபைக்கு ஆசீர்வாதத்துக்கு அனுப்புவார்கள். அது சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பினால் இனி நமக்கு ஒரு நிமிஷம்தான். பேட்டரியோ கார்டோ மாற்றுவதென்றால் தாம்பாளம் கீழே சுற்றும்போதே மாற்றிவிட வேண்டும். ஐயர் தாலியைக் கையில் எடுத்ததும் நான் அவரைப் பார்க்க மாட்டேன், தவில்காரரைப் பார்ப்பேன். ஐயரின் விரலுக்காக அவர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் குச்சி இறங்கும் முன்னால் என் விரல் பட்டனில் இருக்கும். முந்தின நாளே ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது உண்டு: “சாமி, தாலிய எடுத்து மாப்பிள்ளை கையில குடுக்குறப்ப ஒரு மூணு எண்ணுங்க.” முக்கால்வாசிப் பேர் எண்ணுவார்கள்.

கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை பறக்கும். அங்கேதான் புதுக் கேமராக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆட்டோஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டுப் பறக்கிற அரிசியைப் பிடித்துக்கொண்டு அலையும். குறுக்கே எது வந்தாலும் சட்டென்று தாவாதபடி ஃபோகஸின் வேகத்தைக் குறைத்து வைக்க மெனுவில் வழி இருக்கிறது. லென்ஸின் துவாரத்தை, அதாவது அபெர்ச்சரை, 1.8இல் அகலத் திறந்து வைத்துக்கொண்டு வீரம் காட்டாமல் 4க்கோ 5.6க்கோ கொண்டுபோனால் முகம் கொஞ்சம் முன்னே பின்னே அசைந்தாலும் தப்பிக்கும். பின்னணி வெண்ணெயாக உருகுவதெல்லாம் மறுநாள் தோப்பில் எடுக்கும் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தலைவலி லைட்டு. நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற விளக்கு செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/60 செகண்டில் வைத்து வீடியோ ஓட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். செகண்டுக்கு 25 ஃப்ரேம் வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் பட்டை போய்விடும். மலிவான எல்ஈடி சரங்களும், மேடைக்குப் பின்னால் வைக்கிற எல்ஈடி திரையும் இந்தக் கணக்குக்கு அடங்காது, அவை வேறு வேகத்தில் துடிக்கும். அதற்கு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. எப்படியானாலும் முந்தின நாள் வரவேற்பிலேயே ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். முகூர்த்தத்தில் கண்டுபிடித்தால் அழத்தான் முடியும்.

அப்புறம் அந்த ஊதா லைட்டு. டெக்கரேஷன்காரர்களுக்கு மேடையை ‘பார் லைட்’ என்கிற வண்ண விளக்கால் ஊதாவும் ரோஸுமாக நனைக்காவிட்டால் தூக்கம் வராது. அதில் மஞ்சள் பூசிய முகம் கத்திரிக்காயாகிவிடும். எடிட்டிங்கில் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஊதா மூழ்கடித்த தோல் நிறம் திரும்பி வராது. டெக்கரேஷன் முதலாளியிடம் சண்டை போட்டும் பிரயோசனமில்லை. போர்டு பக்கத்தில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருப்பான். அவனை எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, “தம்பி, முகூர்த்தம் முடியிற வரைக்கும் முன்னால இருக்கிற நாலை மட்டும் வார்ம்ல வச்சிரு” என்றால் வேலை முடிந்தது. பத்து ரூபாய் டீ, பல லட்ச ரூபாய்க் கேமராவைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒவ்வொரு ஜனத்துக்கும் சடங்கு வேறு, அதைத் தெரியாமல் போய் நிற்கக் கூடாது. கொங்குப் பக்கம் அருமைக்காரர் என்கிற பெரியவர் சடங்கை நடத்துவார், மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்ச்சில் எங்கே நிற்கலாம், ஃப்ளாஷ் அடிக்கலாமா என்பதைச் சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தெரியவில்லை என்றால் வீட்டில் ஒரு பெரியம்மாவைப் பிடித்து உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆப்பிலும் இல்லாத பட்டியல் அவரிடம் இருக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் ஒரு வரவேற்பு. ராத்திரி பதினோரு மணிக்கு முடிந்தது, காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். தூக்கக் கலக்கத்தில், எடுத்து முடித்த கார்டைப் புதுக் கார்டு என்று நினைத்துச் சொருகி, ஃபார்மட் கொடுத்து, முகூர்த்தப் படம் நாற்பது எடுத்தேன். நாற்பத்தொன்றாவதில் சட்டைப்பையைத் தடவினேன். அங்கே காலிக் கார்டு இருந்தது.

கை நடுங்கியது, வேலையை நிறுத்த முடியாது. அந்தக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கார்டு போட்டுத் தொடர்ந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம். ஃபார்மட் கொடுத்தால் படம் உடனே அழிந்துவிடாது, பட்டியல்தான் அழியும். அதன்மேல் புதிதாக எதுவும் எழுதாமல் இருந்தால் மீட்கும் சாஃப்ட்வேரால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எனக்கு 420 படத்தில் 310 திரும்பக் கிடைத்தது. போனது போனதுதான். பொண்ணோட அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. “சரி, போனதுல யாரு யாரு இருந்தாங்கன்னு சொல்லுங்க” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை, அவர் தரவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் எழுதுகிற கேமராதான் முகூர்த்தத்துக்கு. எடுத்து முடித்த கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளி, தலைகீழாக இடுப்புப் பையில் போடுவேன். காலிக் கார்டு சட்டைப்பையில், நிறைந்த கார்டு இடுப்பில். இந்த இரண்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவேன், ஆல்பம் கைமாறும்வரை மூன்றாவது காப்பி மச்சான் வீட்டில் இருக்கும். நம் வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டில் இருக்கும் மூன்று காப்பியும் ஒன்றுதானே. 4கே வீடியோ சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும், மூன்று கேமரா இரண்டு நாள் ஓடினால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் விலையைப் பாக்கேஜிலேயே சேர்த்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி எழுத எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் எழுத வேண்டும். வருஷத்தில் ஆடியும் மார்கழியும் நமக்குப் பட்டினி மாசம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஒரே நாளில் நான்கு பேர் கூப்பிடுவார்கள். வந்த பணத்தைப் பன்னிரண்டால் வகுக்கத் தெரியாதவர்கள் ஆடியில் லென்ஸை அடகு வைக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்கு, முகூர்த்தத்தன்று காலையில் ஒரு பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது ஒரு பங்கு என்றுதான் இப்போது பேசுகிறேன். நடுப்பங்கைத் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். மொய் எண்ணி முடித்த பிறகு போனால், சமையல்காரர், மண்டபம், மேளம், பூக்காரர் எல்லோரும் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கடைசிப் பங்கு வராத ஆல்பம் எங்கள் கடை அலமாரியில் ஏழு கிடக்கிறது. 12க்கு 36 ஷீட்டு, லெதர் பெட்டி, எல்லாம் நம் காசு. ஒன்றில் இருக்கிற ஜோடிக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

சட்டம் ஒன்று பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், எடுத்தவர் இல்லை. அதாவது உங்கள் இன்ஸ்டாகிராமில் நீங்கள் போடுகிற கல்யாணப் படம் உங்களுடையது இல்லாமல் இருக்கலாம். புக்கிங் நோட்டிலேயே ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தாதீர்கள். ஹைலைட்ஸ் வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி கிளைம் போடும், சமயத்தில் வீடியோவே முடங்கும். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால். அதை ஆடிட்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

ட்ரோன் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2021 விதிகள் வந்த பிறகு 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைக் கூலிக்குப் பறக்கவிட ட்ரோனுக்குப் பதிவும் ஓட்டுகிறவருக்குச் சான்றிதழும் வேண்டும், விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியும் வேண்டும். இரண்டும் உள்ள ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்துக் கூரையை மேலிருந்து பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ட்ரோன் இல்லையென்றால் புக்கிங்கும் இல்லை, அதனால் நானும் வைக்கிறேன்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலது தோளும் இடது முழங்காலும் போய்விட்டன. தவிலுக்குப் பக்கத்திலேயே நின்று வலது காது கொஞ்சம் மந்தம், மனைவி இடது பக்கமாக வந்துதான் திட்டுவாள். பந்தியில் கடைசியாக உட்காருகிற ஆள் போட்டோக்காரன்தான். நாம் போகும்போது வடை தீர்ந்திருக்கும், ரசம் தண்ணியாகியிருக்கும். அதனால் முகூர்த்த நாளில் அதிகாலையிலேயே நான்கு இட்லியாவது உள்ளே போய்விட வேண்டும். “போட்டோக்காரத் தம்பிக சாப்ட்டாங்களா?” என்று கேட்கிற ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். பெரும்பாலும் வயசான பெண். அவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தில் அவர் இருக்க மாட்டார்.

2020இல் ஊரடங்கு வந்து கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றபோது எல்லோரும் அழுதோம். எனக்கு ஒரு கல்யாணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குலதெய்வக் கோயில் வாசலில், பந்தல்கூட இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது, செய்வதற்கு வேலை இல்லாமல், வந்திருந்த ஒவ்வொருவரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். நேரத்தைப் போக்க எடுத்ததுதான். அதிலிருந்து இரண்டு படம் அடுத்த வருஷமே போஸ்டருக்குப் போயிற்று. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அப்பத்தா போன பிறகுதான் வந்தது.

இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுகிறேன். கூலியில் இதைச் சேர்ப்பதில்லை, வீட்டாரிடம் சொல்வதும் இல்லை. மண்டபத்தில் பெரியவர்கள் எங்கே இருப்பார்கள் என்று பார்ப்பேன். சாமான் அறை வாசலில் தேங்காய் எண்ணிக்கொண்டிருப்பார்கள், பூக் கட்டுகிற இடத்தில் இருப்பார்கள், பின்கட்டில் காய் நறுக்குகிற இடத்தில் பாயில் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள். மேடைக்கு வரக் கூடாது என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். வெளிச்சத்துக்குக் கதவு போதும். திறந்த கதவுக்கு உள்பக்கமாக, வெயில் நேராகப் படாத இடத்தில் ஒரு நாற்காலி. முகம் கதவைப் பார்த்து, உடம்பு கொஞ்சம் சாய்ந்து. 85 எம்எம் லென்ஸ், அபெர்ச்சர் 5.6, காதும் கண்ணும் இரண்டுமே தெளிவாக வர வேண்டும். தண்டட்டியோ மூக்குத்தியோ கடுக்கனோ, அவர்களை அவர்களாகக் காட்டுவது எதுவோ அது ஃபோகஸில் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் தாடையை இம்மி கீழே இறக்கச் சொன்னால் பளபளப்புப் போகும். ஆளுக்கு இரண்டு நிமிஷம். பெயரையும் யாருக்கு என்ன உறவு என்பதையும் கேட்டுப் போனில் பேசிப் பதிந்துவிடுவேன். நாலேகாலுக்குத் தேடும்போது ‘மாப்பிள்ளை அப்பத்தா’ என்று தட்டினால் வந்து நிற்க வேண்டும்.

அவர்களுக்கு இது எதற்கு என்று தெரியாமல் இல்லை. போன மாதம் சேடபட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணோட தாத்தாவின் தம்பி, எண்பதைத் தாண்டியிருப்பார், வேட்டியும் வெற்றுடம்புமாகத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் போட்டு, “ஐயா, இப்பிடி வந்து உக்காருங்க, ஒரு படம்” என்றேன்.

உரலை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்குய்யா, போஸ்டருக்கா?”

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை மாட்டி, பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு, தோளில் கரை வைத்த துண்டோடு வந்து உட்கார்ந்தார். நான் பட்டனைச் சரிசெய்துவிட்டேன். இரண்டு எடுத்தேன். காட்டச் சொன்னார். கேமராவின் திரையை வெயில் படாமல் கையால் மறைத்துப் பிடித்தேன், ரொம்ப நேரம் பார்த்தார்.

“மீசை ஒரு பக்கம் கீழ எறங்கியிருக்கு. இரு, முறுக்கிக்கிறேன். இன்னொன்னு எடு.”